ஜாக் நார்த்ரப்

ஜான் நட்சன் நார்த்ரப் (நவம்பர் 10, 1895 – பெப்ரவரி 18, 1981) அமெரிக்க வானூர்தி வடிவமைப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். ஜாக் நார்த்ரப் என்றே பரவலாக அறியப்படுகிறார். லாக்ஹீட் வேகா, நார்த்ரப் ஆல்ஃபா முதலிய வானூர்திகளை வடிவமைத்த இவர், உடற்பகுதியும் வாலும் இன்றி இறக்கை மட்டுமே கொண்ட 'பறக்கும் இறக்கை' வடிவத்துக்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இவரது ஒய்பி-49 குண்டுவீச்சு வானூர்தித் திட்டம் 1950களின் தொடக்கத்தில் முற்றிலும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், ரேடாரில் எளிதில் அகப்படாத பி-2 ஸ்டெல்த் குண்டுவீச்சு வானூர்தி அதே வடிவத்தில், அதே இறக்கை அகலத்துடன் பறந்தது.

இளமை

நார்த்ரப் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் பிறந்தார். குடும்பம் இடம்பெயர்ந்ததால் கலிபோர்னியாவின் கடற்கரை நகரான சாண்டா பார்பராவில் வளர்ந்தார். 1913 இல் அங்கே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். அதற்கு மேல் இவர் கல்லூரி எதிலும் பட்டம் பெறவில்லை. சிறிது காலம் தானுந்துப் பணிமனையில் மெக்கானிக்காகவும், கட்டடக்கலைஞர் ஒருவரிடம் வரைவாளராகவும் வேலை பார்த்தார். வரைவாளராக இருந்தபோது பெற்ற கணக்கும் வரைபடப் பயிற்சியுமே பின்னாளில் இவருக்குப் பொறியியற் கல்வியாக அமைந்தன எனலாம்.

1916 இல் ஆலன் லாக்ஹீட், மால்கம் லாக்ஹீட் என்னும் சகோதரர்கள் சாண்டா பார்பராவில் ஒரு வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கினர். நார்த்ரப் அதில் வரைவாளராகச் சேர்ந்தார். அங்கு எஃப்-1 என்னும் பெரிய பறக்கும் படகின் இறக்கைகளுக்கான வலிமைக் கணக்குகளைச் செய்தார். பின்னர் எஸ்-1 என்ற சிறிய இரட்டை இறக்கை வானூர்தியின் உருவாக்கத்தில் பங்கேற்றார். அதன் உடற்பகுதி ஒட்டுப்பலகையைக் காங்கிரீட் அச்சில் இட்டு அழுத்திச் செய்யப்பட்டது. உள்ளே சட்டங்களும் கம்பிகளும் நிறைந்த அக்கால முறைக்கு மாறாக, வெளித்தோடே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கியது. ஆனால் முதலாம் உலகப் போர் முடிந்ததும் இராணுவத்தின் உபரி வானூர்திகள் மிக மலிவாகச் சந்தைக்கு வந்தன. புதிய வானூர்தியை வாங்க ஆளில்லாமல் நிறுவனம் 1921 இல் மூடப்பட்டது.

டக்ளஸ் நிறுவனமும் லாக்ஹீட் வேகாவும்

நார்த்ரப் 1923 இல் டக்ளஸ் வானூர்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1924 இல் முதன்முதலாக உலகைச் சுற்றிப் பறந்த டக்ளஸ் வேர்ல்ட் குரூசர் வானூர்திகளின் உருவாக்கத்தில் இவருக்கும் பங்குண்டு.

1926 இன் இறுதியில் ஆலன் லாக்ஹீட் முதலியோருடன் இணைந்து லாக்ஹீட் நிறுவனத்தைப் புதிதாகத் தொடங்கினார். அதன் முதல் தயாரிப்பான வேகாவை இவரே வடிவமைத்தார். எஸ்-1 இல் பயன்பட்ட அச்சு முறை உடற்பகுதியும், வெளியே தாங்குகம்பிகள் அற்ற மேல்பொருத்து இறக்கையும் கொண்ட வேகா, சூலை 4, 1927 இல் முதன்முதலாகப் பறந்தது. காற்றில் இழுவையை உண்டாக்கும் கம்பிகளும் தண்டுகளும் நீக்கப்பட்டதால் அதே ஆற்றலுடைய பிற வானூர்திகளை விட அது வேகமாகச் சென்றது. ஊபர்ட் வில்கின்சு 1928 இல் வேகாவில் ஆர்க்டிக் பகுதியைக் கடந்தார். வைலி போஸ்ட் 1931, 1933 ஆகிய ஆண்டுகளில் அதில் உலகைச் சுற்றினார். அமேலியா ஏர்ஃகார்ட் 1932 இல் அதில் தனியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார்.

வேகா வெற்றி பெற்றபோதிலும் நார்த்ரப் 1928 இல் லாக்ஹீடை விட்டு விலகினார். முழுவதும் உலோகத்தாலான வானூர்திகளையும், வாலற்ற வானூர்திகளையும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது இவரது விருப்பமாக இருந்தது.

உலோக வானூர்திகள்

நார்த்ரப் தொடங்கிய ஏவியன் நிறுவனம் 1929 இல் ஒரு சோதனை வானூர்தியைப் பறக்க விட்டது. விமானியும் எஞ்சினும் இறக்கைக்குள்ளேயே இருந்தனர். எனினும் இரு மெல்லிய தண்டுகளின் முனையில் சிறிய வால் ஒன்று இருந்ததால் அது முழுமையான பறக்கும் இறக்கை அன்று. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியதால் அந்த ஆய்வு நின்றது. இவர் வருவாய் தரக்கூடிய வானூர்திகளின் பக்கம் திரும்ப நேர்ந்தது.

1930 இல் வெளிவந்த ஆல்ஃபா அஞ்சல் வானூர்தி முழுவதும் உலோகத்தால் ஆனது. அதன் இறக்கை பல சிறு அறைகளாகப் பகுக்கப்பட்ட அமைப்பைக் கொண்டிருந்தது. இம்முறையில் சுமை பல பாதைகளில் பகிரப்படுவதால் ஓரிடத்தில் ஏற்படும் சேதம் முழு இறக்கையையும் முறித்துவிடாது. டக்ளஸ் நிறுவனம் தன் டிசி-1, டிசி-2, டிசி-3 பயணிகள் வானூர்திகளில் இந்த அமைப்பைப் பின்பற்றியது. உலகெங்கும் மிக நீண்ட காலம் பறந்த டிசி-3 இன் உறுதிக்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

1932 இல் டக்ளசின் ஆதரவுடன் நார்த்ரப் மற்றொரு நிறுவனத்தைத் தொடங்கினார். காமா, டெல்டா ஆகியவையும் ஏ-17 தாக்குதல் வானூர்தியும் அங்கு உருவாயின. லிங்கன் எல்ஸ்வர்த் 1935 இல் அண்டார்க்டிக்காவைக் குறுக்காகக் கடந்தது ஒரு காமா வானூர்தியில்தான். அங்கு உருவான பிடி-1 கடற்படை வானூர்தியின் வழித்தோன்றலே பசிபிக் போரில் புகழ்பெற்ற டக்ளஸ் டோண்ட்லசு ஆகும். பின்னர் அந்நிறுவனம் டக்ளசின் ஒரு பிரிவாக மாறியது. 1939 இல் கலிபோர்னியாவின் ஆத்தோர்ன் நகரில் முழுவதும் தன் பொறுப்பில் நார்த்ரப் வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கினார்.

பறக்கும் இறக்கை: கருத்தும் சிக்கலும்

வானூர்தியின் எடையைத் தாங்கும் தூக்குவிசையை உண்டாக்குவது பெரும்பாலும் இறக்கையே. உடற்பகுதியும் வாலும் தூக்குவிசைக்குச் சிறிதளவே உதவுகின்றன. ஆனால் அவற்றுக்கும் எடை உண்டு. அவற்றின் பரப்பு காற்றில் உரசி இழுவையையும் உண்டாக்குகிறது. எனவே எரிபொருள், எஞ்சின், ஆட்கள், சுமை ஆகிய அனைத்தையும் இறக்கைக்குள்ளேயே வைத்துவிட்டால், அதே எரிபொருளில் கூடுதல் தொலைவு செல்லலாம் என்பது நார்த்ரப்பின் கருத்து. சுமை இறக்கையின் நீளம் முழுவதும் பரவி நிற்பதால், தூக்குவிசையும் எடையும் அந்தந்த இடத்திலேயே ஓரளவு சமன்படுகின்றன. இதனால் இறக்கையின் அடிப்பகுதியில் வளைக்கும் விசை குறைகிறது. கட்டமைப்பையும் இலேசாகச் செய்யலாம்.

இந்த ஆதாயத்துக்கு விலை உண்டு. வால் என்பது வெறும் சுமையன்று. அம்புக்குப் பின்னால் இறகு இருப்பது போல, வானூர்தியின் மூக்கு பக்கவாட்டில் திரும்பினால் அதை மீண்டும் நேர்ப்படுத்துவது செங்குத்து வால். மூக்கு மேலும் கீழும் அசைவதைக் கட்டுப்படுத்துவது கிடைவால். எடையின் மையத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் சிறிய வாலும் நெம்புகோல் போல் பெரிய விளைவைத் தருகிறது. வாலை நீக்கினால் அதே வேலையை இறக்கையின் பின்விளிம்பிலுள்ள தகடுகளே மிகக் குறுகிய நெம்புகோல் தொலைவில் செய்ய வேண்டும். எடை மையம் சிறிது முன்பின் நகர்ந்தாலும் சமநிலை கெடும். மேலும் எல்லாவற்றையும் உள்ளே அடக்க இறக்கை தடிப்பாக இருக்க வேண்டும். தடித்த இறக்கை ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இழுவை மிக வேகமாக உயர்கிறது.

திசை திருப்புவதற்கு நார்த்ரப் இறக்கை நுனிகளில் பிளந்து திறக்கும் தகடுகளைப் பயன்படுத்தினார். இடப்பக்கத் தகடு மேலும் கீழுமாகப் பிளந்தால் அப்பக்கம் இழுவை கூடி வானூர்தி இடப்பக்கம் திரும்பும். ஆனால் இழுவையைக் குறைப்பதற்காகப் பிறந்த வடிவம், திரும்பும் ஒவ்வொரு முறையும் இழுவையை வேண்டுமென்றே கூட்ட வேண்டியிருந்தது.

முதற் சோதனைகள்

நார்த்ரப்பின் முதல் உண்மையான வாலற்ற வானூர்தி என்-1எம் ஆகும். சூலை 1940 இல் கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் உள்ள வறண்ட ஏரிப் படுகையில் அது பறந்தது. இறக்கையின் பின்சாய்வு, நுனிகளின் வளைவு முதலியவற்றைத் தரையில் வைத்து மாற்றி மாற்றிச் சோதிக்கும்படி மரத்தால் செய்யப்பட்டிருந்தது. எஞ்சின் ஆற்றல் போதவில்லை எனினும் வாலின்றிப் பறக்கலாம் என்பதை அது காட்டியது. புகழ்பெற்ற காற்றியக்கவியல் அறிஞர் தியடோர் வான் கார்மன் இவ்வடிவத்துக்கு ஆலோசகராக இருந்தார்.

1941 இல் ஐரோப்பா முழுவதும் ஜெர்மனியிடம் வீழக்கூடும் என்ற அச்சம் அமெரிக்காவில் நிலவியது. அமெரிக்க மண்ணிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாவில் குண்டு வீசி, மீண்டும் திரும்பும் வானூர்தி தேவை என இராணுவம் கருதியது. எரிபொருள் சிக்கனமே இத்தேவையின் மையம் என்பதால் பறக்கும் இறக்கைக்கு வாய்ப்புக் கிடைத்தது. எக்ஸ்பி-35 என்ற பெயரில் நார்த்ரப் நிறுவனமும், வழமையான வடிவிலான பி-36 ஐக் கன்சாலிடேட்டட் (பின்னாளில் கான்வேர்) நிறுவனமும் உருவாக்கத் தொடங்கின.

பெரிய வானூர்திக்கு முன்னோட்டமாக மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள என்-9எம் வானூர்திகள் நான்கு கட்டப்பட்டன. முதலாவது திசம்பர் 1942 இல் பறந்தது. மே 1943 இல் அது விழுந்து நொறுங்கியதில் சோதனை விமானி மாக்சு கான்ஸ்டன்ட் உயிரிழந்தார். வாலற்ற வானூர்தி சுழன்று விழத் தொடங்கினால் மீட்பது எளிதன்று என்பதற்கு அது முதல் எச்சரிக்கையாக அமைந்தது.

எக்ஸ்பி-35

எக்ஸ்பி-35 சூன் 25, 1946 இல் ஆத்தோர்னிலிருந்து மியூராக் வான்தளத்துக்கு முதன்முதலாகப் பறந்தது. அதன் இறக்கை அகலம் 172 அடி (52.4 மீட்டர்). நான்கு பெரிய பிஸ்டன் எஞ்சின்கள் இறக்கைக்குள் இருந்தன. நீண்ட தண்டுகளின் வழியாக, பின்விளிம்பில் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர்களை அவை இயக்கின. இந்தப் பல்சக்கரப் பெட்டிகளிலும் புரொப்பெல்லர்களிலும் இடைவிடாத அதிர்வும் கோளாறுகளும் ஏற்பட்டன. போரும் முடிந்துவிட்டது. பிஸ்டன் எஞ்சின்களின் காலமும் முடிந்துகொண்டிருந்தது.

1947 இல் நார்த்ரப் இலண்டனில் அரச வானியக்கவியல் சங்கத்தின் வில்பர் ரைட் நினைவுச் சொற்பொழிவை ஆற்றினார். முழு இறக்கை வானூர்திகளின் வளர்ச்சியே அதன் பொருள்.

ஒய்பி-49

கட்டப்பட்டுக்கொண்டிருந்த இரு பி-35 வானூர்திகளில் புரொப்பெல்லர்களை நீக்கி, எட்டு ஜெட் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. ஒய்பி-49 எனப்பட்ட இவ்வானூர்தி அக்டோபர் 21, 1947 இல் பறந்தது. வேகம் பெருமளவு உயர்ந்தது. பெப்ரவரி 1949 இல் ஓர் ஒய்பி-49 கலிபோர்னியாவின் மியூராக்கிலிருந்து வாசிங்டனுக்கு அருகிலுள்ள ஆண்ட்ரூசு வான்தளத்துக்கு நாலரை மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் சென்றது. குடியரசுத் தலைவர் ஆரி ட்ரூமன் அதை நேரில் பார்வையிட்டார்.

ஆனால் இம்மாற்றம் வடிவத்தின் அடிப்படைக் கணக்கையே புரட்டிவிட்டது. அக்கால ஜெட் எஞ்சின்கள் எரிபொருளை மிகுதியாகக் குடித்தன. எனவே பறக்கும் தொலைவு பிஸ்டன் எஞ்சின் வடிவுக்குத் திட்டமிட்டதில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. நெடுந்தொலைவு என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவம் அந்தச் சிறப்பையே இழந்தது. வேகத்திலோ, மெல்லிய பின்சாய்ந்த இறக்கையுடன் அதே ஆண்டு திசம்பரில் பறந்த போயிங் பி-47 உடன் அதன் தடித்த இறக்கை போட்டியிட இயலவில்லை.

வேறு ஒரு விளைவும் இருந்தது. பின்விளிம்பிலிருந்த புரொப்பெல்லர்களும் அவற்றின் தண்டு உறைகளும் எதிர்பாராத வகையில் வாலின் வேலையை ஓரளவு செய்துவந்தன. அவை நீங்கியதும் திசை நிலைப்பு குறைந்தது. அதை ஈடுசெய்ய நான்கு சிறிய செங்குத்துத் தகடுகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்படியும் மூக்கு இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குண்டு வீசும் முன் வானூர்தி நேர்கோட்டில் அசையாமல் செல்ல வேண்டும். இந்த ஆட்டத்தால் சோதனைகளில் குண்டுகள் இலக்கை விட்டு விலகி விழுந்தன. ஆட்டத்தைத் தணிக்கத் தானியக்கக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. நிலைமை மேம்பட்டபோதிலும், அக்காலக் கருவிகளின் நம்பகம் போதுமானதாக இல்லை. இறக்கைக்குள் பல சிறு அறைகளாக இருந்த குண்டறைகளில் அக்காலத்தின் பருத்த அணுகுண்டுகள் அடங்காமையும் பெருங்குறையாக இருந்தது.

1948 விபத்து

சூன் 5, 1948 இல் இரண்டாவது ஒய்பி-49, மோகாவி பாலைநிலத்தில் சோதனைப் பறப்பின்போது சிதைந்து விழுந்தது. இறக்கையின் வெளிப்பகுதிகள் காற்றிலேயே பிய்ந்தன. மேஜர் டேனியல் ஃபோர்ப்சு, துணை விமானி கேப்டன் கிளென் எட்வர்ட்சு உட்பட ஐவரும் உயிரிழந்தனர். மியூராக் வான்தளத்துக்கு 1949 திசம்பரில் எட்வர்ட்சின் பெயர் சூட்டப்பட்டது. கான்சாசு மாநிலத்தின் டொபீக்கா நகரிலிருந்த வான்தளத்துக்கு ஃபோர்ப்சின் பெயர் வைக்கப்பட்டது.

திட்டம் கைவிடப்படல்

விபத்துக்குப் பின்னரும் வேவு பார்க்கும் வடிவில் 30 வானூர்திகளுக்கு விமானப்படை அளித்திருந்த கொள்முதல் ஆணை 1949 தொடக்கத்தில் இரத்தானது. நெடுந்தொலைவுக்குப் பி-36, வேகத்துக்குப் பி-47 என விமானப்படை முடிவு செய்தது. எஞ்சியிருந்த ஒய்பி-49, மார்ச் 1950 இல் தரையில் ஓடும் சோதனையின்போது முறிந்து எரிந்தது. ஆறு எஞ்சின்கள் கொண்ட ஒய்ஆர்பி-49ஏ என்ற கடைசி வானூர்தியும் 1953 இல் உடைக்கப்பட்டது. முழு அளவுப் பறக்கும் இறக்கைகளில் ஒன்றுகூட அருங்காட்சியகத்துக்கு என விட்டுவைக்கப்படவில்லை.

இம்முடிவின் காரணம் குறித்துப் பின்னாளில் சர்ச்சை எழுந்தது. தன் நிறுவனத்தைக் கான்வேருடன் இணைக்க மறுத்ததாலேயே, விமானப்படைச் செயலராக இருந்த ஸ்டூவர்ட் சைமிங்டன் திட்டத்தை நிறுத்தினார் என 1980 இல் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் பேட்டியில் நார்த்ரப் கூறினார். சைமிங்டன் இதை மறுத்தார். தொலைவு, நிலைப்பு, குண்டுவீச்சுத் துல்லியம் ஆகியவற்றில் இருந்த குறைகளே முடிவுக்குப் போதுமானவை என்பது வானூர்தி வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்தாகும்.

பிற வானூர்திகள்

பறக்கும் இறக்கைக்கு வெளியேயும் நார்த்ரப் நிறுவனம் முக்கியமான வானூர்திகளைத் தந்தது. மே 1942 இல் பறந்த பி-61 பிளாக் விடோ, ரேடாருடன் இரவுப் போருக்கென்றே தொடக்கம் முதல் வடிவமைக்கப்பட்ட முதல் அமெரிக்க வானூர்தியாகும். எஃப்-89 ஸ்கார்ப்பியன் என்னும் ஜெட் இடைமறிப்பு வானூர்தி ஆயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. நிறுவனத்தின் வருவாய் நிலைத்து நின்றது இதனால்தான். 1948 திசம்பரில் பறந்த எக்ஸ்-4 ஆய்வு வானூர்தி கிடைவால் அற்றது. ஒலியின் வேகத்தை நெருங்கியபோது அது மேலும் கீழுமாக அதிர்ந்தது. அந்த வேகங்களில் கிடைவாலை எளிதில் துறக்க இயலாது என்பதை அது காட்டியது.

ஓய்வும் இறுதிக் காலமும்

நார்த்ரப் 1952 இன் இறுதியில், தமது 57ஆம் வயதில், தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்து விலகினார். பறக்கும் இறக்கை பற்றிப் பொதுவெளியில் பல ஆண்டுகள் அவர் பேசவில்லை. 1970களில் உடல்நலம் குன்றிய நிலையிலும் இவ்வடிவத்தின் தகுதி குறித்து நாசா அமைப்புக்கு எழுதினார். 1974 இல் அமெரிக்காவின் தேசிய வானூர்தியியல் புகழ் மண்டபத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஏப்ரல் 1980 இல், பேசவும் நடக்கவும் இயலாத நிலையிலிருந்த நார்த்ரப் சக்கர நாற்காலியில் தம் பழைய நிறுவனத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அப்போது மிக இரகசியமாக இருந்த ஒரு குண்டுவீச்சு வானூர்தியின் மாதிரியை அவருக்குக் காட்ட அரசிடமிருந்து தனி அனுமதி பெறப்பட்டிருந்தது. அந்த மாதிரி ஒரு பறக்கும் இறக்கை. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அவர், கடவுள் தன்னை இத்தனை ஆண்டுகள் ஏன் உயிரோடு வைத்திருந்தார் என்பது இப்போது புரிவதாகத் தாளில் எழுதிக் காட்டியதாகச் சொல்லப்படுகிறது. பத்து மாதங்களுக்குப் பின், பெப்ரவரி 18, 1981 இல் நார்த்ரப் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வானூர்தியை உருவாக்கும் ஒப்பந்தம் நார்த்ரப் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதுவே பி-2 ஆகும்.

பி-2: மீண்டும் வந்த இறக்கை

நார்த்ரப் பறக்கும் இறக்கையை விரும்பியது இழுவையைக் குறைக்கவே. ரேடாரிலிருந்து மறைவது அவரது நோக்கமாக இருக்கவில்லை. பி-2 ஐ வடிவமைத்தவர்களும் பழைய வானூர்தியைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ரேடார் அலைகளின் தெறிப்பைப் பற்றிய கணக்குகள் அவர்களை வேறு வழியாக அதே வடிவத்துக்கு இட்டுச் சென்றன. போட்டியிட்ட லாக்ஹீட் நிறுவனமும் பறக்கும் இறக்கை வடிவத்தையே முன்வைத்தது இதற்குச் சான்றாகும்.

ரேடார் அனுப்பும் அலை, பொருளின் மீது பட்டு வந்த வழியே திரும்பினால் அப்பொருள் திரையில் தெரியும். செங்குத்து வால் பக்கவாட்டிலிருந்து வரும் அலைக்குச் சுவர் போல் நிற்கிறது. வாலும் இறக்கையும் செங்கோணத்தில் சந்திக்கும் மூலை, அலையை அப்படியே திருப்பி அனுப்புகிறது. பறக்கும் இறக்கையில் இவை இரண்டும் இல்லை. வாலின் அளவை ஒத்த அலைநீளம் கொண்ட பழைய வகை நீள்அலை ரேடார்கள் சிறிய ஸ்டெல்த் வானூர்திகளையும் ஓரளவு உணரக்கூடும். வாலற்ற பெரிய இறக்கையில் இத்தொல்லை குறைவு. இதனுடன் நார்த்ரப் முதலில் எண்ணிய நெடுந்தொலைவும் சேர்ந்துகொண்டது. பி-2 இடையில் எரிபொருள் நிரப்பாமல் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் செல்லும்.

1940களில் வடிவத்தை வீழ்த்திய ஆட்டத்துக்குக் கணினி விடையளித்தது. பி-2 இல் விமானியின் கைப்பிடி நேரடியாகத் தகடுகளை அசைப்பதில்லை. நான்கு மடங்கு காப்புடன் அமைந்த கணினிகள் உணரிகளின் அளவீடுகளைப் பார்த்து, நொடிக்குப் பலமுறை தகடுகளைத் திருத்துகின்றன. இறக்கை நுனியில் பிளக்கும் தகடுகள் மட்டும் நார்த்ரப்பின் அதே முறையில் உள்ளன. ஆனால் அவை திறந்திருந்தால் ரேடாரில் தெரியும். ஆகவே எதிரியின் எல்லைக்குள் அவற்றை மூடிவைத்து, இருபக்க எஞ்சின்களின் உந்துவிசையைக் கூட்டியும் குறைத்தும் திசை காக்கப்படுகிறது.

புதிய ஆதாயத்துக்கும் புதிய விலை இருந்தது. எஞ்சின்களை இறக்கைக்குள் புதைத்து, காற்று செல்லும் வழியை வளைத்தமைத்ததால் பராமரிப்பு கடினமானது. ரேடார் அலையை உட்கொள்ளும் மேற்பூச்சைப் பேண, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கொட்டகைகள் தேவைப்பட்டன. திட்டமிட்ட 132 வானூர்திகளுக்குப் பதிலாக 21 மட்டுமே கட்டப்பட்டன. உருவாக்கச் செலவையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 கோடி டாலர் ஆயிற்று. கணினியையே முழுதும் நம்ப வேண்டியிருப்பதன் இடர் பெப்ரவரி 2008 இல் குவாம் தீவில் தெரிந்தது. காற்றழுத்த உணரிகளில் ஈரம் புகுந்ததால் கணினிக்குத் தவறான அளவீடு சென்றது. ஓடுதளத்திலிருந்து எழும்போதே மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்து வானூர்தி விழுந்தது. விமானிகள் இருவரும் உயிர் தப்பினர்.

போர் விமானங்களும் வாலும்

குண்டுவீச்சு வானூர்திக்குப் பொருந்திய இந்த விடை, சண்டையிடும் போர் விமானத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. விரைந்து திரும்பவும், மூக்கைச் செங்குத்தாக உயர்த்திய நிலையில் திசை காக்கவும் போர் விமானத்துக்கு வலுவான கட்டுப்பாடு தேவை. எனவே எஃப்-22, எஃப்-35 ஆகியவை வால்களை வைத்துக்கொண்டு, அலை பக்கவாட்டில் நேராகத் திரும்பாதபடி அவற்றைச் சாய்த்து அமைத்துள்ளன. எஃப்-22 இன் முன்வடிவத்துடன் போட்டியிட்ட நார்த்ரப் நிறுவனத்தின் ஒய்எஃப்-23, நான்கு வால்களுக்குப் பதிலாக மிகவும் சாய்ந்த இரண்டை மட்டுமே கொண்டிருந்தது. எஞ்சின் தாரையைத் திசைதிருப்பும் அமைப்பையும் அது தவிர்த்தது. வேகத்துக்கும் மறைவுக்கும் அது முதன்மை தந்தது. 1991 ஏப்ரலில் விமானப்படை ஒய்எஃப்-22 ஐத் தேர்ந்தெடுத்தது.

நினைவுச் சின்னங்களும் மரபும்

என்-1எம் வானூர்தி வாசிங்டனுக்கு அருகிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உட்வார்-ஏசி மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. புதுப்பிக்கப்பட்டுக் கண்காட்சிகளில் பறந்துவந்த கடைசி என்-9எம், ஏப்ரல் 2019 இல் கலிபோர்னியாவில் விபத்துக்குள்ளாகி அழிந்தது. அதன் விமானி உயிரிழந்தார். நார்த்ரப் நிறுவனம் 1994 இல் குரம்மன் நிறுவனத்தை வாங்கி நார்த்ரப் குரம்மன் ஆனது.

அந்நிறுவனத்தின் அடுத்த ஸ்டெல்த் குண்டுவீச்சு வானூர்தியான பி-21 உம் ஒரு பறக்கும் இறக்கையே. அது நவம்பர் 10, 2023 இல் பாம்டேல் நகரிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்டது. அன்று ஜாக் நார்த்ரப்பின் 128ஆவது பிறந்த நாள். அது சென்று இறங்கிய தளம், ஒய்பி-49 இல் உயிரிழந்த துணை விமானியின் பெயரைத் தாங்கிய எட்வர்ட்சு வான்தளம் ஆகும்.

முக்கிய வானூர்திகள்

- லாக்ஹீட் வேகா (1927)
- நார்த்ரப் ஆல்ஃபா (1930)
- நார்த்ரப் காமா (1932)
- நார்த்ரப் என்-1எம் (1940)
- நார்த்ரப் பி-61 பிளாக் விடோ (1942)
- நார்த்ரப் என்-9எம் (1942)
- நார்த்ரப் எக்ஸ்பி-35 (1946)
- நார்த்ரப் ஒய்பி-49 (1947)
- நார்த்ரப் எஃப்-89 ஸ்கார்ப்பியன் (1948)